முடி கொட்டுறதுக்கு நல்ல மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைத் தண்ணீர் வடிய மாட்டேன் என்று நின்றது. மின்னல் குனிந்து ஓட்டை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கைப்பிடி முடி. "வியாழக்கிழமைதானே எடுத்துப் போட்டேன், சனியனே!" என்று முடியைப் பார்த்தே கத்தினாள். முடி பாவம், அது என்ன செய்யும்? ஆனாலும் யாரையாவது திட்டியாக வேண்டும், அந்த நேரத்தில் குளியலறையில் வேறு யாரும் இல்லை.

மின்னல் என்பது அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர். கை வேகத்துக்காக வைத்தது. மருந்துப் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்குமே, பிரித்தால் துண்டு அளவுக்கு விரியும், திரும்ப மடிக்கப் போனால் உயிரை வாங்கும், அந்த நோட்டீஸை மடிப்பதுதான் அவள் வேலை. பெரிய ஆர்டரை மெஷின் மடிக்கும். சின்ன ஆர்டரும் மெஷின் கசக்கித் துப்பியதும் கை மேஜைக்கு வரும். மேஜையில் ஆறு பெண்கள். மின்னல் பத்து மடிப்பு மடித்து, மரத்துண்டால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்து தள்ளும் நேரத்தில் பக்கத்திலிருப்பவள் நாலாவது மடிப்பில் திணறிக்கொண்டிருப்பாள்.

மேஜைக்கு மேலே சூப்பர்வைசர் ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்: "படிக்காதே, மடி." படித்தால் கை நிற்குமாம். பதினாலு வருஷமாக மின்னல் படிக்கவில்லை. எழுத்துத் தெரியாதவள் இல்லை, ஒரு வார இதழ் கையில் கிடைத்தால் விளம்பரம்வரை விடமாட்டாள். அச்சகத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மடித்தாள். அந்த அட்டையை இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிக் கதைக்கு வருகிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஃபிட்ஸ் வந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை. இரண்டாவது தடவை அச்சகத்திலேயே விழுந்தாள், காகிதம் வெட்டும் மெஷினுக்கு மூன்றடி தள்ளி. "இன்னொரு தடவை இங்க விழுந்தா வேலைக்கு வர வேண்டாம்மா, எனக்கு நெஞ்சு தாங்காது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். டாக்டர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஃபிட்ஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை தப்பித்தது. ஆனால் ஆறாவது மாதத்திலிருந்து முடி கொட்ட ஆரம்பித்தது.

கொட்டினால் எப்படி? சீப்பில், தலையணையில், சாப்பாட்டுத் தட்டில். முழங்கைத் தடிமன் இருந்த பின்னல் சுண்டுவிரலுக்கு வந்தது. வேறு எது போயிருந்தாலும் 'மயிரே போச்சு' என்று விட்டுவிட்டுப் போகிறவள்தான் அவள். இப்போது போவதே அதுதான் என்றால் என்னத்தைச் சொல்வது?

சொல்லத்தான் ஊரே இருந்ததே! லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவன், "டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆனா இன்னும் கொட்டும்" என்றான்.

"டென்ஷனே நீங்க இப்படிப் பேசறதுதான்!"

மேஜைப் பெண்கள் தண்ணீரை மாற்று, சீப்பை மாற்று, ஷாம்பூவை மாற்று என்றார்கள். புருஷனை மாற்று என்று மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் சத்துப் பொருள் விற்பவள். தூசியும் வெயிலும் ஆகாது என்று எந்நேரமும் தலையில் ஒரு துணி கட்டியிருப்பாள். நாக்கு மட்டும் சுளுக்கவே சுளுக்காது.

"அண்ணி, இதப் பாருங்க. முடி கொட்டுறதுக்கு நல்ல மாத்திரை. நானே சாப்பிடறேன்னா பாத்துக்குங்க."

டப்பாவின் மேல் முழங்கால்வரை முடி வைத்த ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் உருண்டை மாத்திரைகள். தினம் இரண்டு. இரண்டு மாதம் சாப்பிட்டாள். கொட்டுவது நிற்கவில்லை. "அப்ப நாலா ஆக்குங்க அண்ணி, சத்துதானே, உடம்புக்கு நல்லதுதான்" என்றாள் நாத்தனார். நாலாக்கினாள். கொட்டுவது கூடியது. உதடு வெடித்தது, தோல் உரிந்தது, மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து இடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த தடவை ஃபிட்ஸ் டாக்டரிடம் போனபோது, "டாக்டர், முடி கொத்துக் கொத்தா வருது" என்றாள்.

அவர் மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயசாகுதில்ல? வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே."

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதுவது, கசப்பது, வியாதிக்குச் சாப்பிடுவது. நாத்தனார் கொடுத்தது சத்து. சத்து எப்படி மருந்தாகும்? நீங்களும் நானும் கூட "இல்லை" என்றுதான் சொல்லியிருப்போம். டாக்டர் தலையாட்டினார், தன் பங்குக்கு ஒரு வைட்டமின் மாத்திரையையும் எழுதிக் கையில் கொடுத்தார். நாலோடு ஐந்தாக அதுவும் உள்ளே போனது.

அந்த வாரம்தான் கை மேஜைக்கு ஒரு சின்ன ஆர்டர் வந்தது. முப்பது நாற்பது மடித்த பிறகு மின்னலின் கை தானாக நின்றது. நோட்டீஸின் தலைப்பில் இருந்த மருந்துப் பெயர் அவளுக்குத் தெரிந்த பெயர். தினம் காலையும் இரவும் அவள் கிழித்துப் போடும் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயர்! நோட்டீஸில் நாலு மொழி. நம் மொழியைத் தேடிப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக சூப்பர்வைசரின் அட்டைக்கு விரோதமாகப் படித்தாள். கடுகளவு எழுத்தில் இருந்தது: "பக்க விளைவுகள்: முடி உதிர்தல், முடி மெலிதல். பத்தில் ஒருவர்வரை பாதிக்கப்படலாம்."

பத்தில் ஒருவர்! அந்த மேஜையில் ஆறு பேர், இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டால் அதில் ஒருத்திக்கு வரும் சங்கதி. இதை எழுதி, அச்சடித்து, அவள் கையாலேயே மடிக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பத்தி வெளியே தெரியும்படி கை தானாக நோட்டீஸை மடித்து, தேய்த்து, இடுப்பில் செருகியது. பதினாலு வருஷப் பழக்கம், கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீதிப் பக்கமெல்லாம் உள்ளே போய்விட்டதே, அதை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

"இதோட பெட்டியில நோட்டீஸ் வருமே, எனக்கு ஏன் ஒரு தடவைகூடத் தரல?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க வாங்கறது அட்டை கணக்குல. வெட்டிக் கொடுக்கறேன். நோட்டீஸ் எதுக்கும்மா? அத யாரு படிக்கிறா?"

"எங்க போகுது அதெல்லாம்?"

அவர் காலால் காட்டினார். ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் ஒரு கற்றை முட்டுக் கொடுத்திருந்தது. மின்னல் குனிந்து பார்த்தாள். அவளுடைய மடிப்பு. ஓரம் ஓரத்தோடு ஒட்டி, ஒரு நூல் பிசகாமல். எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

"என் தலை மொட்டையாகுது, உங்க மேஜை மட்டும் ஆடாம நிக்கணுமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டீஸைக் கணவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாத்தீங்களா? டென்ஷனாம் டென்ஷன்! இனிமே இந்த எழவு மாத்திரைய நான் தொட மாட்டேன்."

"டாக்டரைக் கேட்டுட்டு..."

"அவரு சொன்னாரா எங்கிட்ட? அப்புறம் நான் எதுக்கு அவரைக் கேட்கணும்?"

ஃபிட்ஸ் மாத்திரை அப்படியே அலமாரியில் கிடந்தது. சத்தை மட்டும் விடவில்லை, முடிக்கு ஒரு துணை வேண்டுமே! மூன்றாம் நாள் காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி வந்தது. அந்த ருசி அவளுக்குத் தெரியும். "ஏங்க..." என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

நல்ல வேளை, விழுந்தது வீட்டில், ஈரத்துணி மேல். அன்றைக்கு வேலை நாளாக இருந்திருந்தால்? அந்த மூன்றடி? கணவன் அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனான்.

கண் தெளிந்து உட்கார்ந்தவளிடம் டாக்டர் எகிறினார். "யாரு உங்கள நிறுத்தச் சொன்னது?"

"யாரு எங்கிட்ட முடி கொட்டும்னு சொன்னது?" நாக்குக் கடிபட்டு வீங்கியிருந்தது, ஆனாலும் அவள் விடவில்லை. இடுப்பிலிருந்து நோட்டீஸை எடுத்து மேஜையில் அடித்தாள். "வயசாகுதுன்னீங்களே! இது என்ன?"

டாக்டர் எடுத்துப் பார்த்தார். "இத யாரு இப்படி மடிச்சது?"

"நான்தான்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

அவர் பிரித்தார். பக்க விளைவுப் பத்திக்கு நேர் பின்பக்கம், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது: "மருத்துவரைக் கேட்காமல் இம்மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு கடுமையாகத் திரும்பலாம்." மின்னல் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்று நாளாக இடுப்பிலேயே இருந்திருக்கிறது. அவளே மடித்து உள்ளே வைத்தது. டாக்டர் மேல் வந்த கோபத்தில் பாதி திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

டாக்டரும் கொஞ்சம் இறங்கினார். "உங்கமேல மட்டும் தப்பில்லம்மா. நான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அளவக் குறைக்கவோ மாத்தவோ பாத்திருக்கலாம். இப்ப மெதுவா பாக்கலாம், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க." பிறகு வெடித்த உதட்டைக் கூர்ந்து பார்த்தார். "மருந்த விடுங்க. காலையிலேருந்து ராத்திரிவரை வாயில என்னென்ன போடறீங்க?"

"மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர். சத்து மாத்திரை மட்டும்தான்."

"எத்தன?"

"நாலு. அப்புறம் நீங்க கொடுத்தது."

கணவன் வீட்டுக்கு ஓடிப் போய் டப்பாவைக் கொண்டுவந்தான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எழுத்தைப் படித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல பல மடங்கு வைட்டமின் ஏ. தான் எழுதிக் கொடுத்ததிலும் அதே ஏ.

"ஏ கூடினா உதடு வெடிக்கும், தலைவலி வரும்" என்றார். "முடியும் கொட்டும்."

"இது முடிக்குத்தானே டாக்டர்?"

"அப்படித்தான் டப்பாவுல போட்டிருக்கான். இரண்டையும் இன்னையோட நிறுத்துங்க, நான் எழுதின வைட்டமினையும் சேர்த்து. ஒரு ரத்தப் பரிசோதனை செய்வோம். சில மாசத்துல முடி திரும்ப வரும்."

அன்று சாயங்காலம் நாத்தனார் விஷயம் தெரியாமல் இன்னொரு டப்பாவோடு வந்து நின்றாள். மின்னல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நோட்டீஸ் எங்க?"

"சத்துக்கு எதுக்கு அண்ணி நோட்டீஸ்? இது மருந்தா என்ன?"

அவ்வளவுதான், மின்னல் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டாள். வெடித்த உதடு, இடிக்கும் மண்டை, சுண்டுவிரல் பின்னல், ஒன்றையும் விடவில்லை. "என் தலைய மொட்டையடிக்கத்தான் தூக்கிட்டு வந்தியா? தெரிஞ்சேதானே வித்தே?"

நாத்தனார் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே தலைத்துணியை அவிழ்த்தாள். அங்கே இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம். காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், நடுவில் வெறும் தோல் பளபளத்தது.

"தெரிஞ்சா விப்பேனா அண்ணி? நானே சாப்பிடறேன்னு சொன்னேனே, பொய்யா சொன்னேன்? ஒரு வருஷமா சாப்பிடறேன். தினம் ஆறு."

"ஆறா? எதுக்குடி ஆறு?"

"முடி கொட்டுறதுக்குத்தான்!"

மின்னலுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "ஆமா, முடி கொட்டுறதுக்குத்தான். நல்லா வேலை செய்யுது."

அப்புறம் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். டப்பாவைத் திருப்பி, விரலை வைத்து, எண்ணும் எழுத்துமாக அடிவரை உரக்கப் படித்துக் காட்டினாள். நாத்தனார் கேட்கக் கேட்க வெளுத்துப் போனாள்.

"அண்ணி," என்றாள். "இந்தத் தெருவுலயே பதினேழு வீட்டுல கொடுத்திருக்கேன். சரியாகலன்னா கூட்டிப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

மின்னல் எழுந்தாள். தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு வேணாம், படு" என்றான் கணவன். "படுக்கறதா? நீங்களும் கூட வாங்க" என்று ஒரு முறை முறைத்தாள். நாத்தனாரின் கையில் டப்பாவைத் திணித்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதல் வீட்டில் மணி அடித்தார்கள். நாத்தனாரைப் பார்த்ததும் அந்த வீட்டுக்காரியின் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க, உங்களத்தான் நினைச்சேன். மாத்திரை தீந்து போச்சு" என்றாள். அவள் தலையில் ஒரு துணி கட்டியிருந்தது.