ஈறு வைத்தியமும் ஒரு சீட்டியும்

பல்லைக் காப்பாற்றிக்கொள்ள யாரும் பல் டாக்டரிடம் வருவதில்லை, தொலைத்துக் கட்டத்தான் வருகிறார்கள். கொல்லிமலையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. "வேண்டாம், சரிப்படுத்தலாம்" என்று தினமும் தொண்டை வறளச் சொல்கிற வேறு தொழில்காரர்களும் உங்களில் இருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

ஆட்டம்

இதே மலையில் எடப்புளி நாட்டு விவசாயி வெள்ளையன் வந்ததும் கீழ் முன்பற்களை விரலால் ஆட்டிக் காட்டினார். வெந்த மரவள்ளிக் கிழங்கைக் கடித்தாலே ரத்தமாம். எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். இது ஈறு நோய், கத்தியே வேண்டாம், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி மருந்து வைத்தால் ஈறு இறுகும், புகையிலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அசைவதாக இல்லை. பிடுங்கினால் வாயைத் திறந்தாலே சந்து வழியாகக் காற்றுப் போகும் என்று சும்மா சொல்லிவைத்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய இரண்டு மாடுகளும் எதிர் மேட்டில் மேய்பவை. பொழுது சாயும்போது இவர் சீட்டியடித்தால் தானாக வீடு திரும்புமாம்.

"ஏனுங்க டாக்டரம்மா, அப்பப் பல்லப் புடுங்குனா சீட்டி வராதுங்களா? நீங்க சுரண்டியே உடுங்க."

காரை

முதல் நாள் மேலாகப் படிந்த காரையை எடுத்தேன். அது அடைத்திருந்த சந்துகள் வெளியே தெரிந்தன. எல்லோருக்கும் நடப்பதுதான். அவரோ நாற்காலியை விட்டு இறங்காமலே சீட்டியடித்துப் பார்த்தார். வெறும் காற்று வந்தது. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவர் கிண்ணத்தில் கிடந்த காரைத் துணுக்கை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"இத எடுத்த எடத்துலயே ஒட்டிப்போடுங்க. ரத்தம் வந்தா வந்துட்டுப் போகுது."

மாட்டுக்கோல்

அடுத்த முறை அவர் வரவில்லை. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும் வேலை பாக்கி. மனைவி பழனியம்மாதான் வந்தார், கையில் மாட்டுக்கோலோடு. சீட்டி கேட்காததால் மாடுகள் திரும்புவதில்லை. தினமும் பள்ளத்தில் இறங்கி, மேடேறி ஓட்டிவருவது இவர் வேலையாகிவிட்டது. பாதியில் விட்டால் பல்லும் போகும், சீட்டியும் போகும் என்றேன்.

"அனுப்பி வெக்கிறனுங்க. ஆனா வைத்தியம் அந்தாளுக்கு, மாட்டுக்குப் பின்னால ஓடறது நானுங்களா?"

இறுக்கம்

அனுப்பியும் வைத்தார். ஈறுக்குள் சுத்தம் செய்து மருந்து வைத்தேன். புகையிலைப் பொட்டலத்தைப் பழனியம்மாவே பிடுங்கிக்கொண்டாராம். சில மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். ரத்தமில்லை, ஆட்டமும் அடங்கியிருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சீட்டியடிக்கச் சொன்னேன். வந்தது, ஆனால் வேறு சத்தமாக.

மாடுகள் அந்தச் சத்தத்தைச் சட்டை செய்வதில்லையாம். மேடேறிச் சலித்த பழனியம்மா தானே சீட்டி பழகிவிட்டார், இப்போது அவர் அடித்தால்தான் வருகின்றன. நான் நம்பவில்லை. பழனியம்மா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துக் காட்டினார். வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். வெள்ளையன் இறங்கி, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எம்பல்லு எப்படியோ போகுதுங்க. இவ பல்லு ஒண்ணுகூட ஆடாமப் பாத்துக்குங்க, மாடு இவளத்தான் நம்பியிருக்குது."

கத்தியில்லாமல் ஈறு இறுகுமா என்று கேட்டால் இறுகும் என்பேன், அதனால் வீட்டில் யார் கை ஓங்கும் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.