பின்சீட்டில் ஆள் ஏறினால் உரசும்

என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் வேலை. லீவில் வந்தால் முதலில் நன்றாகத் தூங்குவார். தூக்கம் தீர்ந்த பிறகு வீட்டில் எதையாவது மாற்றுவார். ஒரு லீவில் சமையலறைக் குழாய்களை மாற்றினார். அடுத்த லீவில் வாசல் கேட்டை மாற்றினார். இரண்டாயிரத்துப் பதிமூன்று வாக்கில் வந்தபோது மாற்றுவதற்கு வேறொன்றும் அகப்படாததால் கண் காரின்மேல் விழுந்தது.

கார் என்னுடையது. அருமனையிலிருந்து குழித்துறைப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வாங்கிய சின்ன வெள்ளைக் கார். எங்கள் பகுதியிலிருந்து வரும் வேறு மூன்று டீச்சர்மாரும் அதில்தான் வருவார்கள். சயின்ஸ் டீச்சர் முன்னால் என் பக்கத்தில். கணக்கு டீச்சரும் தமிழ் டீச்சரும் பின்னால்; அவர்களுக்குள் பேசுவதற்கு நிறைய உண்டு, அதனால் இடம் மாற மாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் காரின் சக்கரம் பிடிக்கவில்லை. தையல் மெஷின் சக்கரம் மாதிரி இருக்கிறது என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் களியக்காவிளைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பியபோது கார் பளபளவென்ற பெரிய அலாய் வீல்களும் அகல டயர்களுமாக வந்து நின்றது. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடக்கிற பிள்ளையைப் போலிருந்தது. டயர்கள் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தன. பழைய சக்கரங்களை எங்கே என்று கேட்டேன். கடைக்காரரிடமே கொடுத்துவிட்டாராம். மாமி, அதாவது அவருடைய அம்மா, காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனார்.

மிச்ச லீவு முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் காரில் போனோம். ஒரு சத்தமும் இல்லை. அவர் விமானம் ஏறிய பிறகு வந்த திங்கட்கிழமைதான் டீச்சர்மார் மூவரும் ஏறினார்கள்.

முதல் வளைவிலேயே பின்னாலிருந்து தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. வளைவு முடிந்ததும் நின்றது. ரோட்டுப் பள்ளத்தில் இறங்கியதும் திரும்பவும் துருவியது. கூடவே ரப்பர் தீயும் நாற்றம். எங்கள் ஊரில் ரப்பர் நாற்றத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட் காய்கிறது, புகைபோடுகிறார்கள். யாரோ ஒருவருடைய புகைக்கூடம் என்றே நானும் நினைத்தேன். அந்தப் புகைக்கூடம் குழித்துறைப் பாலம் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தபிறகுதான் பயம் பிடித்தது.

மறுநாள் காலையில் போகும்போது என் வீட்டுக்காரரே கூப்பிட்டார். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் சயின்ஸ் டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

“அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தமிழ் டீச்சருக்கப் பாரம்தான். அவியள மெதுவா பஸ்ல வரச் சொல்லு” என்றார்.

போனைப் பிடுங்கி அணைக்க எனக்கு ஒரு கை போதவில்லை. பின்சீட்டில் பேச்சு நின்றது. அந்தக் காரில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை; டயர் உரசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. மறுநாள் தமிழ் டீச்சர் வரவில்லை. பஸ்ஸில் நல்ல காற்று வருகிறது என்று கணக்கு டீச்சர் மூலம் சொல்லி அனுப்பினார். கணக்கு டீச்சர் என்னிடம் வழக்கம்போலவே பேசினார். ஆனால் மத்தியானம் சோற்றைப் பாதியோடு மூடிவைத்தார்.

தமிழ் டீச்சர் ஏறாமல் போன நாட்களிலும் சத்தம் முழுதாக நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? குறைந்தது என்று சொன்னால் குற்றம் தமிழ் டீச்சர்மேலேயே நிற்கும், நிற்கவில்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார்.

அருமனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். தனியாக ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டி பூப்போல ஓடுகிறது, டீச்சருக்குச் சும்மா தோன்றுவதாக இருக்கும் என்றார். ஆள் ஏறினால்தான் உரசும் என்றேன். அப்படியானால் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

தமிழ் டீச்சர் வீட்டுக்கு நானும் சயின்ஸ் டீச்சரும் போனோம். என் வீட்டுக்காரருக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி போட்டுத் தந்தார், ஆனால் முகம் தரவில்லை. சயின்ஸ் டீச்சர்தான் பேச்சைத் திருப்பினார். தப்பு ஆள்மேலா வண்டிமேலா என்று ஊரறிய நிரூபித்துவிடலாம், அதற்கு அதே ஆள் அதே சீட்டில் இருந்தாக வேண்டும் என்றார். நிரூபணம் என்றதும் தமிழ் டீச்சர் யோசித்தார். “மெக்கானிக் என் எடையைக் கேக்கப்பிடாது” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை பட்டுக்கரைச் சேலையில் வந்தார். அவரும் கணக்கு டீச்சரும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். மெக்கானிக் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டாமலேயே, டீச்சர்மார் கொஞ்சம் குதிக்க வேண்டும் என்றார். ரோட்டோரத்தில், நிற்கிற காருக்குள், இரண்டு டீச்சர்மாரும் மடியில் பையைப் பிடித்தபடி எழும்பி எழும்பி உட்கார்ந்தார்கள். தமிழ் டீச்சர் நேராகப் பார்த்தபடி, கூட்டமான பஸ்ஸில் போகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டே ரோட்டோரம் வந்துவிட்டார்கள். அதில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பாமாரும் உண்டு.

குதித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சயின்ஸ் டீச்சர் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து டயர் விளிம்பு முழுக்கத் தேய்த்தார். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நான் வளைவு வரைக்கும் போய்த் திரும்பினேன். இறங்கிப் பார்த்தால், மட்கார்டின் உள்பக்கம் மடிந்து, ரப்பர் கரி படிந்து நிற்கும் தகர விளிம்பில் வெள்ளையாகச் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. டயர் அளவுக்குமேல் வெளியே நின்றது. வண்டி அமுங்கினால் அந்த விளிம்பு அதைச் செதுக்கியது. தமிழ் டீச்சர் சேலையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து தன் பக்கத்தைப் பார்த்தார். பிறகு சுற்றிப்போய் கணக்கு டீச்சர் பக்கத்தையும் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு” என்றார், டீக்கடைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. “இத நீங்க சாருக்குச் சொல்லணும், கேட்டியளா?”

சொல்கிறேன் என்றேன்.

பழைய சக்கரம் இருந்தால் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். இல்லை என்றேன். அப்படியானால் அந்த விளிம்பை மேலே மடக்கிவிட வேண்டும், சுத்தியலால் அடித்தால் வெளிப்பக்கம் நெளியும், உருண்டையாகக் கனத்த கட்டை ஒன்று வேண்டும் என்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வீட்டில் உலக்கை உண்டா என்று கேட்டார்.

மாமிக்குப் போன் செய்தேன். மிக்சி வந்த பிறகு அவர் உலக்கையைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் கார்ச் சக்கரத்துக்குள் விடுவதற்கு யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது என்று தானே ஆட்டோவில் வந்தார். உலக்கை ஆட்டோவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புப் பூண் இருக்கும் முனை தகரத்தில் படக் கூடாது என்று மெக்கானிக்குக்கு முதலில் சொல்லிவைத்தார்.

மெக்கானிக் சூட்டுக் காற்று அடிக்கும் மெஷினால் விளிம்பின் பெயிண்டை இளக்கினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உலக்கையைச் செருகிப் பிடித்தார்; நான் காரை அரையடி அரையடியாக நகர்த்த வேண்டும் என்றார். சக்கரம் சுழல உலக்கையும் உருண்டு விளிம்பை மடக்கும். பாரத்துக்கு டீச்சர்மார் பின்சீட்டிலேயே இருக்க வேண்டும். தமிழ் டீச்சர் இப்போது தன் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

நான் கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். உலக்கை துள்ளி வெளியே விழுந்து ரோட்டுச் சரிவில் உருளத் தொடங்கியது. மாமி பின்னால் ஓடினார். கீழே தலையில் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்த மீன்காரம்மா ஒருவர் கூடையை இறக்காமலேயே ஒரு காலால் அதைத் தடுத்து நிறுத்தினார். மாமி உலக்கையை எடுத்துக்கொண்டு, கையோடு சாளை மீனும் வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

இரண்டாம் தடவை மெதுவாக விட்டேன். தகரம் முனகிக்கொண்டே மடிந்தது. மறுபக்கமும் அப்படியே. இடது பக்கம் பெயிண்டில் மட்டும் நூல்போல ஒரு விரிசல்.

சோதித்துப் பார்க்க வளைவு நிறைந்த ரோடு வேண்டுமே என்று திற்பரப்பு அருவிக்கு விட்டோம். மாமியும் பின்னால் ஏறிக்கொண்டதால் மூன்று பேர், ஒரு உலக்கை, ஒரு பொதி சாளை. உலக்கையின் முனை என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு வளைவிலும் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை. அருவிக்குப் பக்கத்தில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி தின்றோம். கணக்கு டீச்சர் கணக்குப் பார்க்காமல் தின்றார். மாற்றுத்துணி இல்லை என்று நாங்களெல்லாம் தயங்கி நிற்க, மாமி மட்டும் உடுத்திய சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அன்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, தமிழ் டீச்சரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை கொடுத்தேன். அவர் என்ன சொன்னாரோ, இந்தப் பக்கம் டீச்சர், “சரி, போட்டும் சார், போட்டும்” என்று மட்டும் சொன்னார்.

மழைக்காலத்தில் அந்த விரிசல் துருப்பிடித்தது. பெயிண்ட் அடித்தவர் கொஞ்சம் வேறு வெள்ளையை அடித்துவிட்டார். அடுத்த லீவில் வந்தவர் முதலில் அந்தத் திட்டைத்தான் கண்டார். அலாய் வீலைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு, என்னையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினார். டயர் அகலமே தவிர ரப்பர் உயரம் குறைவு என்பதால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் வந்து அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்த ரோடு இவ்வளவு மோசமாக இருந்ததே இல்லையே என்றார். ரோடு அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

டயர் தேய்ந்து தீர்கிற வரைக்கும் அந்தச் சக்கரங்களிலேயே ஓட்டினேன். பிறகு சாதாரணச் சக்கரம் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அடுத்த லீவில் வந்து பார்த்தவர், வண்டி இப்போது சுகமாகப் போகிறது என்று மட்டும் சொன்னார்.