கூலரில் குடியிருந்தவர்கள்

தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கேட்டில் இன்று காலை ஒரு சண்டை. போட்டது நான்தான்.

மலேரியா கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வந்த மாநகராட்சிப் பெண்ணை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. செக்ரட்டரி உத்தரவாம்.

அவரும் தமிழர்தான். போன் செய்தேன்.

"நம்ம சொசைட்டி க்ளீன்ம்மா. கொசுவெல்லாம் எதிர் குடிசைங்கள்லேர்ந்து வருது. அங்க போய்ப் பாக்கச் சொல்லு."

போன மழைக்காலத்தில் மலேரியாவில் என் மகள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. "அவங்க என் கெஸ்ட்" என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தேன்.

முதலில் என் வீடு. பால்கனி ஏர் கூலரின் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்து, "தேக்கியே தீதி" — பாருங்க அக்கா — என்றார் அந்தப் பெண். ஏ.சி. வாங்கியதிலிருந்து நான் தொடாத கூலர். அடியில் தேங்கிய மழைத்தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

மானம் போனால் போகட்டும். வீடியோ எடுத்து சொசைட்டி குரூப்பில் போட்டேன்: "இது என் கூலர். கொட்டித் தேய்த்தாயிற்று. அடுத்து யார் வீடு?"

உடனே செக்ரட்டரி போன். "டெலீட் பண்ணும்மா, சொசைட்டி பேரு கெட்டுடும்."

"பண்ண மாட்டேன் சார். உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கோம்."

நான்கு மாடி ஏறினோம். கதவைத் திறந்தவரின் பைஜாமா முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்னால் பால்கனியில் அவர் கூலர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்ல ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

வீடியோ குரூப்பில் அப்படியே இருக்கிறது. கேட் ரிஜிஸ்டரையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். எதிர்க் குடிசையிலிருந்து ஒரு கொசுகூடக் கையெழுத்துப் போட்டு வரவில்லை.

உங்கள் கூலரில் யார் குடியிருக்கிறார்கள்? படத்தோடு கமென்ட்டில் வாருங்கள்.