முகம் மாறிய இளவரசி

இடுப்பில் மண்குடத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் நடந்து காட்டியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. யுத்த காலம். சேலத்தில் ஒரு படக் கம்பெனியின் சித்திரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாஸ்டர் நாடகத் திரைச்சீலைகளில் சித்திரம் எழுதிப் பெயர் வாங்கியவர். வெள்ளைக்காரர்களின் பொம்மைப் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. நம் பக்கத்து இளவரசி ஒருத்தியை வைத்து அதுபோல ஒரு சின்னப் படம் செய்ய முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார்.

இளவரசிக்கு மாதிரியாக நின்ற அந்த அம்மாள் மாஸ்டரின் மனைவி. மோகனூரில் பிறந்தவர். நல்ல கறுப்பு, அகன்ற மூக்கு, எதையும் நேராகப் பார்க்கும் பெரிய கண்கள். அவர் நடப்பார், திரும்புவார், ஆற்றில் நீர் மொள்வதுபோலக் குனிவார். மாஸ்டர் அசைவு அசைவாகக் காகிதத்தில் வரைவார். நாங்கள் அதைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளில் எடுத்து மை பூசுவோம்.

"சின்னதுல என்னையக் கரிச்சட்டின்னுதான் கூப்புடுவாங்க, தம்பி. இவிய என்னடான்னா ராசா மவளாக்கிப் போட்டாங்க" என்று சொல்லி, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொள்வார்.

பாதி வேலை முடிந்ததும் முதலாளி போட்டுப் பார்த்தார். "என்னய்யா இது, களையெடுக்கப் போறவளாட்டம் இருக்கா? அந்த இங்கிலீஷ் படத்துப் பொண்ணு மாதிரி வெளுப்பா, சின்ன மூக்கா போடு."

"நம்ம பக்கத்து ராணிங்க இப்படித்தானுங்களே இருந்திருப்பாங்க" என்றார் மாஸ்டர்.

"அப்பச் சரி, படமே வேண்டாம். ஆளுங்களை அனுப்பிடு."

மாஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் முகத்தை மாற்றினார். உடம்பும் நடையும் அப்படியே இருந்தன, முகம் மட்டும் வேறு. யுத்தத்தால் தாளுக்குத் தட்டுப்பாடு என்பதால் பழைய தாள்களைக் கழுவி அவற்றின் மேலேயே புது முகத்தை எழுதினோம். பழைய காகிதங்கள் குப்பையோடு போயின.

வீட்டில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளோ மோகனூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். படம் வெளியான அன்று அவருடைய தாயாரும் தங்கைகளும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கொட்டகையில் நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் இளவரசி வந்தாள். தாயார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்க சாமி இருக்கறே?" என்று கேட்டார்.

படம் முடியும் தறுவாயில் அந்த அம்மாள் மெல்லச் சொன்னார்: "நடை என்னுதுதாம்மா. மூஞ்சிதான் ஆருதோ."

வாசலில் மாஸ்டர் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, வெயில்ல நிக்கறீங்களே, வாங்க ஊட்டுக்குப் போலாம்" என்றார் அவர் மனைவி. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சித்திரப் பிரிவுப் பக்கம் அந்த அம்மாள் வரவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. காரியம் முடிந்ததும் மாஸ்டர் மனைவியின் முகத்தை வரைய உட்கார்ந்தார். மாதக்கணக்காக எழுதிப் பழகிய கை, அந்தச் சின்ன மூக்கையே கொண்டுவந்தது. அழித்து அழித்துப் போட்டார். "வெரலு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதுய்யா" என்று என் கையில் பென்சிலைத் திணித்தார். அவர் போட்ட கோட்டின்மேல் கோடு இழுத்தவன் நான். எனக்கும் வரவில்லை.

இப்போது என் பேத்தி டிவியில் பார்க்கும் பொம்மைப் படங்களில் கறுத்த இளவரசிகளும் வருகிறார்கள். அவள் அதை ஓர் அதிசயமாக நினைப்பதில்லை. நான்தான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

அந்த அம்மாள் போன பிறகு, எங்கள் படம் கடைசியாக ராசிபுரத்தில் ஓடியது. மாஸ்டர் தினமும் போகிறார் என்று கேள்விப்பட்டு ஒருநாள் நானும் போனேன். முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இளவரசி குடத்தோடு நடந்து வந்தபோது அவர் வலது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் அந்த முகம் இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்தார். அவள் நகர நகர, கையும் கூடவே நகர்ந்தது.