ஏறாத வண்டியின் எடை

அதிராம்பட்டினத்தில் நேற்று நண்டு வாங்க நின்றேன். கடைக்காரர் தட்டில் எதுவும் வைக்கவில்லை. மின்தராசு மட்டும் பழைய எடையைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் ஒரு தட்டு தட்டினார், பூஜ்யம் வந்தது. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. நண்டு வாங்காமலே நடந்துவிட்டேன். மீன் கடையில் நனைந்த நெல்லின் புளித்த வாடை எங்கிருந்து வந்ததோ.

பத்தாவதைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் பிரவுசிங் சென்டர், எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில், நெல்லை வண்டியோடு ஏற்றி எடை போடும் எடைமேடையின் கம்ப்யூட்டருக்கு ஆள் கேட்டார்கள். சோறும் படுக்க இடமும் உண்டு என்றார்கள், போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் திரையில் தலைகாட்டாமல் ஒரு புரோகிராம் ஓடும். டீமன் என்பார்கள். எடைமேடையிலிருந்து ஒயரில் வருவதைக் கேட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. ‘இப்போது எவ்வளவு?’ என்று அதனிடம் கேட்டுப் பதிலைத் திரையில் போட நான் ஒன்று எழுதியிருந்தேன். பெரிய வித்தையில்லை. யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்த ஒரு குட்டி லைப்ரரி, ஆயத்த நிரல். நாலு வரி எழுதினால் டீமனோடு பேசுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். நானாகச் சேர்த்தது ஒன்றுதான்: டீமன் பதில் சொல்லாவிட்டால் சேமித்து வைத்த கடைசி எடையையே காட்டு. கரண்ட் போய் வரும்போது திரை வெறுமையாக இருந்தால் முதலாளி சத்தம் போடுவார். அதற்குப் பயந்து செய்த கெட்டிக்காரத்தனம்.

ஆயுத பூஜையன்று எந்த மிஷினும் ஓடக் கூடாதென்று முதலாளி மெயின் சுவிட்சை இறக்கினார். டீமனை முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் பொரிக்குக் கைநீட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததுமே சந்தனப் பொட்டோடு கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் எண் இருந்தது, வேறெதையும் பார்க்கவில்லை. எட்டு மணிக்குக் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் சந்திராக்கா, டிராக்டரில் குறுவை நெல்லோடு வந்தார். கிழக்கே கருத்துக் கிடந்தது. எடை போட்டால்தான் கூரைக்குள் இறக்க விடுவார்கள். நான் எழுதத் தொடங்கினேன்.

“என்ன தம்பி எழுதுறீங்க?”

“எடைதாங்க்கா.”

“வண்டி இன்னும் மேடையில ஏறவே இல்லியே.”

டீ கிளாசோடு நின்ற டிரைவர் சொன்னார்: “ஏறாமயே எடை போடுற மேடை இந்த ஜில்லாவுலயே இங்கதான் இருக்கு.”

டீமன் ஓடவில்லை. கிளப்பினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மறுத்தது. கரண்டை வெட்டியதில், ‘ஓடுகிறேன்’ என்று அது எழுதிவைத்திருந்த பழைய அடையாளக் கோப்பு ஒன்று அழியாமல் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

“உள்ள எறக்கிடுறேங்க, எடை அப்புறம் போடுங்க,” என்றார் அக்கா முதலாளியிடம்.

“எடை இல்லாம உள்ள போனா நாளைக்கு நீயும் பேசுவ, நானும் பேசுவேன். பொறும்மா.”

தார்ப்பாய் நெல்லை முழுக்க மூடவில்லை. நான் கோப்பை அழித்து டீமன் பதில் சொன்னபோது, மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதலாளி நெல்லுக்குள் கைவிட்டுப் பார்த்தார். “காயவச்சுக் கொண்டாம்மா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தெரியலன்னு அந்தப் பொட்டி விடிஞ்சதுமே சொல்லியிருந்தா நான் வர்றதுக்குள்ள சரி பண்ணியிருப்பீங்களே தம்பி.”

கடைசி எடையைக் காட்டச் சொல்லி நான் சேர்த்த வரியை அன்றே எடுத்துவிட்டேன். அடுத்த நாலு நாளும் மழை. அக்கா சாலையோரம் காயக் கொட்டிய நெல் முளைத்துவிட்டது என்றார்கள். பொங்கலுக்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அக்கா அடுத்த வருஷம் குத்தகை எடுக்கவில்லையாம். போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். அவர் நட்ட வயலில் மனைக்கல் ஊன்றியிருந்தார்கள். பாய ஒரு வயலில்லாமல் வாய்க்கால் மட்டும் கிடந்தது.