அதிராத வண்டி

1. முதல் சந்திப்பு

தொம்மை அண்ணாச்சி என் ஒர்க்‌ஷாப்புக்கு முதல்முதலாக வந்தபோது நான் ஒரு நானூறு சிசி வண்டிக்கு அடியில் கிடந்தேன். வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டைச் சரியாகப் பூட்டாமல் விட்டவன் நான், வண்டி சரிந்ததும் என் மேலேயே. நியாயமான தீர்ப்புதான். அடி ஒன்றும் இல்லை, காலை மட்டும் உருவ முடியவில்லை.

வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். "அண்ணாச்சி, கொஞ்சம் தூக்குங்களேன்" என்றேன். அவர் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி "ஐயா!" என்றேன். அடுத்த டயரைப் பார்க்கப் போனார். "யோவ்!" என்றேன். அந்த டயரின் பட்டனைத் தடவிப் பார்த்தார். கடைசியில் கையில் இருந்த ஸ்பானரைத் தரையோடு தரையாக உருட்டி அவர் காலில் இடித்தேன். அப்போதுதான் திரும்பினார்.

ஒல்லியான உடம்பு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"கூப்பிட்டியளோ?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா பாடிக்கிட்டு கெடந்தேன்."

"நல்லவேளை, மெஷின் மாட்டல" என்றார்.

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நானும் அண்ணாச்சி.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. ஊர் ஸ்ரீவைகுண்டம். வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். படிப்பு வராதவன் நான் ஒருவன்தான். தூத்துக்குடி ஹார்பர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் போட்டு இருபத்தைந்து வருடமாகிறது. இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டூயல் ஸ்போர்ட் வண்டிக்காரர்கள். ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் வண்டி அது. இமயமலைப் பக்கம் லடாக் போகிறேன், ஸ்பிதி போகிறேன் என்று வருவார்கள். வண்டி பார்த்துக்கொடுத்து, அதை அந்தப் பாதைக்குத் தகுந்தாற்போல் மாற்றியும் கொடுப்பேன். நானாக வண்டியில் ஏறிய உச்சபட்ச உயரம் ரயில்வே மேம்பாலம். இதை நான் கஸ்டமர்களிடம் சொல்வதில்லை.

2. எந்த வண்டி

தொம்மை அண்ணாச்சி முப்பது வருடம் சங்கு குளித்தவர். ஆழத்துக்குப் போய்ப்போய்த் தண்ணீர் அழுத்தி இரண்டு காதும் கெட்டுவிட்டது. மெஷின் மாட்டினால் எதிரே நின்று பேசுவது புரியும். டாக்டரிடம் காட்டி லைசென்ஸும் முறைப்படி வைத்திருந்தார். ஆனால் ஹெல்மெட் போட்டு வண்டி கிளம்பிவிட்டால் காற்று இரைச்சலில் மெஷின் ஒன்றுக்கும் உதவாது.

அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஸ்பிதி மலையில் ஒரு பையன் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டுகிறான். கல்லில் சுருள் சுருளாக, சங்கு மாதிரி ஒரு கடல் உயிரின் வடிவம். அந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததாம்.

"முப்பது வருசம் கீழ போயி எடுத்தேன் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ மேல போயி பாக்கணும். எடுக்கதுக்கு இல்ல, பாக்கதுக்கு."

"ரயில்ல போலாமே, மிச்சத்துக்கு பஸ்ஸு இருக்கு."

"பஸ்ஸுல போனா டிரைவர்லா போறான்."

பேச்சை வண்டிக்கு மாற்றினேன்.

எனக்கு அப்போது அந்த நானூறு சிசி மேல் கொஞ்சம் மோகம். என் காலில் விழுந்த அதே வண்டிதான். அதையே அவர் தலையில் கட்டப் பார்த்தேன். "பவரு அண்ணாச்சி! மலையில சும்மா பறக்கும்."

"இப்ப ஒருதடவ தூக்குனேம்லா? இடுப்பு இன்னும் பேசிக்கிட்டே இருக்கு. அது பேசுறது மட்டும் எனக்கு நல்லா கேக்குது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சிசி பார்க்காதீர்கள், எடை பாருங்கள். மேட்டில் வண்டியை எஞ்சின் தூக்கும். விழுந்துவிட்டால் ஓட்டுகிறவர்தான் தூக்க வேண்டும். வாங்குவதற்கு முன் வண்டியைத் தரையில் படுக்கப்போட்டு, தனியாகத் தூக்கச் சொல்லுங்கள். பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு இருநூறு சிசி எடுத்தோம். ஒற்றை சிலிண்டர், லேசான வண்டி, சீட் உயரமும் அவருக்குச் சரி. கார்புரேட்டருக்குப் பதில், காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற எஃப்.ஐ. இருந்ததால் உயரத்தில் மூச்சுத் திணறாது. வாங்கிய அன்றே முத்தையாபுரம் வரை ஓட்டிவிட்டு வந்தார். ஒரு கியரும் தப்பவில்லை. அதை என் கண்ணால் பார்த்தேன். மண்டையில்தான் ஏறவில்லை.

மறுநாள் அவர் மனைவி பிலோமி அக்கா வந்தார். மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் நூறு பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். அந்த நூறு பேரில் நானும் ஒருவன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இவரக் கடலுக்குள்ள இருந்து கரையேத்த எனக்கு முப்பது வருசமாச்சு. ஒவ்வொரு நாளும் தல தெரியுதாண்ணு பாத்துப்பாத்து கண்ணு பூத்துப் போச்சு. நீங்க இப்ப மலையில இருந்து தள்ளிவிடப் பாக்கியளா?"

"அக்கா, நான் வெறும் மெக்கானிக்."

"அதான் பயமா இருக்கு."

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார். திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் தேரிக்காடு. சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. வண்டி தயாரானதும் அண்ணாச்சி அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். அக்கா பார்த்துவிட்டுச் சரியென்றால் ஸ்பிதி. இல்லையென்றால் அதோடு பேச்சு முடிந்தது.

3. என் கைவரிசை

எஞ்சினுக்குக் கீழே கல் அடிக்காமல் அலுமினியத் தகடு போட்டேன். முன்னால் இருபத்தொரு இன்ச் ஸ்போக் வீல். செயின் ஓடுகிற பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினேன். ஏற்றத்தில் மெதுவாகப் போனாலும் வண்டி திணறாது. நின்றுகொண்டே ஓட்டுவதற்கு வசதியாக ஹேண்டில்பாரை உயர்த்தினேன். இதுவரைக்கும் சரி. இங்கேயே ஸ்பானரைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஒற்றை சிலிண்டர் என்றால் அதிர்வு இருக்கும். நாள் பூராவும் ஓட்டினால் கை மரத்துப்போகும். போக மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அண்ணாச்சி மேல் இருந்த பாசத்தில் இறங்கி வேலை பார்த்தேன். ஹேண்டில்பார் இரண்டு முனையிலும் கனமான வெயிட். தடிமனான ஃபோம் கிரிப். கால் வைக்கிற ஃபுட்பெக்கில் ரப்பர். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு ரப்பர் புஷ். சீட்டுக்குள் ஜெல். முடித்துவிட்டு, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை கிளாம்ப் மேல் செங்குத்தாக நிறுத்தி எஞ்சினை ரேஸ் பண்ணினேன். நாணயம் விழவில்லை. அதை நானே வீடியோ எடுத்து நாலு குரூப்பில் போட்டு, நானே முதல் லைக்கும் போட்டேன்.

4. தேரி

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சியும் அக்காவும் தங்கள் பழைய நூறு சிசி வண்டியில் வந்தார்கள். புது வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். வெண்ணெய் மாதிரி போனது.

அண்ணாச்சி ஏறிக் கிளம்பினார். ஃபர்ஸ்ட் கியரிலேயே எஞ்சின் அலறியது. செகண்ட் போடாமல் அலறவிட்டுக்கொண்டே போனார். பிறகு திடீரென்று இரண்டு கியரை மேலே தட்டினார்; மணலில் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்று, சாய்ந்தது. தூக்கி மறுபடி ஏறினார், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை பக்கத்து உடைமரத்துக்குள் போய் விழுந்தார்.

முள்ளைத் தட்டிக்கொண்டே நடந்து வந்தார். "வண்டி செத்துக் கெடக்கு அண்ணாச்சி."

நான் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணி ஒரு வட்டம் அடித்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் வேலையில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிலோமி அக்கா முகத்தைப் பார்த்தேன். அப்போது சொன்னேன், இன்றும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது:

"வண்டி நல்லாத்தான் அக்கா இருக்கு. அண்ணாச்சிக்கு எஞ்சின் சத்தம் கேக்கலல்லா, அதான் கியர் தெரியல."

அவர் மெஷினை மாட்டியிருந்தார். கேட்டுவிட்டது. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துவிட்டு, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போதும், வாங்க வீட்டுக்கு" என்றார் அக்கா. அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

அவர்கள் பழைய வண்டியில் முன்னால் போனார்கள். நான் பின்னால் போனேன். முக்காணி பாலத்துக்கு முன்னால் எதிரே ஒரு லாரி. அண்ணாச்சி அழகாக ஒரு கியர் குறைத்து ஒதுங்கி, லாரி போனதும் மறுபடி கூட்டினார். ஸ்பீடு பிரேக்கர் வந்தது, அங்கேயும் அப்படித்தான். அந்தப் பழைய வண்டியின் நம்பர் பிளேட், மட்கார்டு, அக்காவின் செருப்பு எல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. என் கையில் இருந்த வண்டியில் ஓர் ஆட்டமும் இல்லை.

கிரிப்பை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன்; கைக்கு ஒன்றும் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே ஹெல்மெட்டைப் போட்டு, அதே வண்டியை எடுத்துக்கொண்டு ஆளில்லாத உப்பளத்துப் பாதைக்குப் போனேன். நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. எந்தக் கியரில் இருக்கிறேன், எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. இரண்டு தடவை ஆஃப் ஆனது. மூன்றாவது தடவை வாய்க்காலுக்குள் இறங்கினேன். வரப்பில் நின்ற உப்பளத்து அம்மாள் ஒருவர் கையை ஆட்டி என்னவோ சொன்னார். பஞ்சு இருந்ததால் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று வந்துவிட்டேன்.

5. கழற்றுகிற வேலை

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சிக்கு நேரே உட்கார்ந்து சொன்னேன்.

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி. உங்க காதுமேல போட்டுட்டேன்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரப்பர், வெயிட், ஃபோம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"எனக்கு எஞ்சின் இங்கன வந்துதான் பேசும். கடலுக்குள்ள காதா கேக்கும்? மேல படகுல இருக்கவன் கயித்த ஆட்டுவான், கையில தெரியும். அந்த வண்டியில ஏறுனதும் எல்லாரும் கயித்த விட்டுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. நானும் என் காதுதான் முழுசாப் போச்சு போலன்னு நெனச்சுட்டேன்."

அடுப்படியிலிருந்து பிலோமி அக்கா வந்தார். "தெரிஞ்ச வேலையச் செய்யதுக்கு முந்தி ஒரு வார்த்த இவர்ட்ட கேட்டா கொறஞ்சா போயிருவிய?"

"குறைய மாட்டேன் அக்கா. ஒடம்புதான் இவ்வளவு எடை போட்டிருக்கே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் எனக்குக் காட்டாமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சியை வண்டி மேல் உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முனை வெயிட் போனது. "இன்னும்" என்றார். கிளாம்ப்பின் ரப்பர் புஷ் போய் இரும்பு வந்தது. தலையை ஆட்டினார். ஃபோமை அறுத்துவிட்டு மெல்லிசு கிரிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஃபுட்பெக் ரப்பரைப் பிடுங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆங்! வந்துட்டாம்லா!"

"சீட்டு ஜெல்லையும் எடுத்துரவா?"

"அது கெடக்கட்டும். அங்கன எனக்குக் காது கிடையாது."

6. மறுபடி தேரி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிலோமி அக்கா என் பக்கத்தில் நிற்கவில்லை. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஒரு ஆளு வண்டிங்கார், ஒரு ஆளு கையிங்கார். நானே பாத்துக்கிடுதேன்" என்றார்.

கிளம்பினார்கள். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். மேடு வந்ததும் மறுபடி செகண்ட். ஒன்றும் அலறவில்லை, ஒன்றும் திணறவில்லை. பனைகளுக்கு நடுவே ஏறி மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். வரவில்லை. ஓடினேன். தேரி மணலில் ஓடுவது என்றால் ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால். செருப்பு இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. மூச்சு வாங்க மேட்டு உச்சிக்குப் போய்ப் பார்த்தேன்.

வண்டி பனை நிழலில் நின்றது. எஞ்சின் மறுபடி மெல்ல ஓடத் தொடங்கியிருந்தது. ஓட்டுகிற சீட்டில் பிலோமி அக்கா. துப்பட்டாவைக் காதைச் சுற்றி மடித்து மடித்துக் கட்டியிருந்தார். கண் மூடியிருந்தது, இரண்டு உள்ளங்கையும் டேங்க் மேல். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினார். அக்கா கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் திருகினார். இரண்டு விரல். பிறகு குறைத்தார். மறுபடி ஒரு விரல். அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, சரி என்று தலையாட்டினார்.

நான் வந்த வழியே சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் அக்கா இறங்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"பிடுங்குன ரப்பர் இருக்கா? தூரப் போட்டுட்டியளா?"

"இருக்கு அக்கா. எதுக்கு?"

"எனக்கு மாட்டிக் குடுங்க. மூவாயிரம் கிலோமீட்டரு இந்த இரும்புல கால வச்சிக்கிட்டு வர முடியாது. எனக்குத்தான் காது கேக்கும்லா."

அண்ணாச்சி சைடு மிரரில் அவர் வாயைப் படித்தார். படித்தது சரிதானா என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டார். நல்ல வெயில், கண் கூசியிருக்கும்.

நான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். பின் ஃபுட்பெக் பக்கத்தில் குனிந்தேன். அப்புறம் ஸ்பானரை மணலில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அக்கா, முதல்ல சொல்லுங்க. நீங்க கால எப்படி வைப்பிய?"