நாலு மெகாபாஸ்கல் வித்தியாசம்

முதல் நாளே அவன் என்னை "அங்கிள்" என்றான். அன்றே அவனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஊரில் பதினேழு வருடம் பொறியியல் படிப்பித்தவன் நான். இரண்டாயிரங்களின் நடுவில், கனடாவின் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், என்னைவிட இருபத்திரண்டு வயது இளைய இந்தச் சென்னைக்காரனுக்குக் கீழே ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் மார்ச்சோடு முடியும். புதுப்பிக்க அவன் கையெழுத்து வேண்டும். அறுபதைத் தாண்டியவனுக்கு, அதுவும் என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கம்பெனியிலிருந்து 'எல்' வடிவ அலுமினியத் தாங்கிகள் வந்தன. பாரம் ஏற்றினால் உள்மூலையில் எவ்வளவு தகைப்பு, அதாவது உள்அழுத்தம், உண்டாகும் என்று கணினியில் பார்த்துச் சொல்ல வேண்டும். உலோகம் தாங்குவது 270 மெகாபாஸ்கல். கணினி பொருளைச் சின்னக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் பார்க்கும். ஒழுங்கான கணக்கு என்றால், கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போக விடை ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். எங்களுடையது நிற்கவில்லை. முதலில் 180. கட்டத்தைப் பாதியாக்கினேன், 247. மறுபடி பாதி, 338. மறுபடியும், 463. அவன் மூலையைக் கத்தியால் வெட்டினாற்போல் கூராக வரைந்து வைத்திருந்தான். அப்படிப்பட்ட மூலையில் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இது இரண்டாம் வருட மாணவனுக்கே தெரிய வேண்டியது.

"ரெண்டாவதுலயே நிறுத்திடுங்க அங்கிள். 247. லிமிட்டுக்குக் கீழதானே இருக்கு?"

"நிக்காத எண்ணை நான் எப்பிடித் தம்பி நிப்பாட்டுறது?"

"மௌஸ்ல இருந்து கையை எடுங்க, நின்னுடும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

"உமக்குப் பிடிச்ச இடத்தில நிப்பாட்டினா அதுக்குப் பேர் கணக்கில்லை, ஏலம்."

சிரிப்பு நின்றது. "கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமை கேக்கறான். உங்க கான்ட்ராக்ட் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு."

பெட்டியில் பன்னிரண்டு தாங்கிகள் இருந்தன. பன்னிரண்டையும் அளந்தேன். ஒன்றிலாவது கூர் மூலை இல்லை. எல்லாவற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு. அந்த வளைவோடு முழுவதையும் புதிதாக வரைந்து கணக்கை ஓட்டினேன். அந்த வெள்ளி போனது, அடுத்த வெள்ளியும் போனது. 243, 250, 251, 251. நின்றது.

கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

"251. நான் சொன்னது 247. நாலுக்காக ரெண்டு வாரமா அங்கிள்?"

"உம்மட 247 குருட்டுவாக்கில விழுந்தது. கட்டத்தைக் கொஞ்சம் மாத்தியிருந்தா 300 வந்திருக்கும்."

"மாத்தலையே."

மார்ச் முடிந்தது. கையெழுத்து விழவில்லை. வேகம் போதாதாம்.

"நாலுக்கே சண்டை பிடிச்சனீங்கள்?" என்றாள் மனைவி. அவளுக்குக் கட்டம், மூலை, வளைவு எல்லாம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பெடியன் சொன்னதும் சரிதானேயப்பா" என்றாள். மூன்று நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

ஆகஸ்டில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அதே குரல்.

"அங்கிள்! எப்படி இருக்கீங்க? உங்க மாடலைத்தான் இன்னும் யூஸ் பண்றோம். ஃபைலுக்கே 'அங்கிள் ஃபைனல்'னுதான் பேர் வெச்சிருக்கேன்." எனக்கு மாலை போட்டவன் மாதிரி நின்றான்.

"எந்தத் தாங்கிக்கு?"

"எல்லாத்துக்கும்தான். புதுசா மூணு டைப் வந்திருக்கு. பாரத்தை மாத்தினா போதும், ஆன்சர் வந்துடுது."

மூன்று புது வகை. அவற்றின் வளைவை யாரும் அளக்கவில்லை என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. என் இரண்டு மில்லிமீட்டரை எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டிருக்கிறான். வளைவு அதைவிடச் சிறிதென்றால் உண்மையான எண் 270ஐத் தாண்டிவிடலாம். சொல்ல வாய் வரை வந்தது. அளப்பதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள், இப்போது வைத்திருக்கவில்லை. எடுத்து வைத்த ஒன்பது தக்காளியையும் திரும்பத் தட்டில் கொட்டிவிட்டு நடந்தேன்.

உடைந்தால் உடையட்டும்.